தூங்க வைக்காத புத்தகம்

நூலகம் திறக்க இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. புத்தகத் திருட்டைக் காட்டிக்கொடுக்க வாசலில் நிற்கும் இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஈ காக்கை இல்லை. ஆனாலும் அலாரம் ஒரு முறை கத்திவிட்டு ஓய்ந்தது.

கவுண்டருக்குப் பின்னால் நின்றவள் அப்போது, "ஞாபகம் இல்லைங்க" என்று சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள். பதினொரு மணிக்கு ஒரு பெண் வரப்போகிறாள். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டிய வார்த்தை அது, குரல் நடுங்கக் கூடாது. மூன்றாம் முறை சொன்னபோதுதான் கம்பத்தின் உச்சியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள். நாக்கின் அடியில் இரும்பு ருசித்தது.

இரும்பு ருசி அவளுக்குப் புதிதில்லை. அவளை எல்லோரும் பசையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நூலகத்துக்கு வருகிற ஒவ்வொரு புதுப் புத்தகத்தின் நடுமடிப்பிலும் மெல்லிய காந்த இழை ஒன்றை ஒட்டுவது அவள் வேலை. மடிப்பை விரிக்க இரண்டு கையும் வேண்டும் என்பதால், தையற்காரர் ஊசியைக் கவ்வுவதுபோல் இழையை உதட்டில் கவ்விக்கொள்வாள். ஆனால் இந்த வாரம் புதுப் புத்தகமே வரவில்லை. எதையும் கவ்வாமலே ருசி மட்டும் வந்துகொண்டிருந்தது, எத்தனை தடவை கொப்பளித்தாலும்.

புத்தகத்தை இரவல் கொடுக்கும்போது கவுண்டரில் பதித்த பலகையில் ஒரு தேய் தேய்த்தால் உள்ளே இருக்கும் இழை தூங்கிவிடும், கம்பம் பேசாமல் இருக்கும். திரும்பி வந்ததும் மறுபடி தேய்த்து எழுப்பவேண்டும். எழுப்பிய புத்தகத்தை யாராவது பையில் போட்டுக்கொண்டு நடந்தால் கம்பம் கத்தி ஊரையே கூட்டிவிடும். "தூங்க வெச்சாச்சா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளாமல் அங்கே பொழுது போகாது. புதிதாக வந்தவர்கள் நூலகத்தில் குழந்தை இருக்கிறதோ என்று தேடுவார்கள்.

மூன்று வாரத்துக்கு முன்பு, மின்சாரம் போயிருந்த ஒரு மதியம், கணக்கு வாத்தியார் ஒரு புத்தகத்தோடு கவுண்டருக்கு வந்தார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து தினமும் வருகிறவர். செய்தித்தாளில் அச்சுப்பிழை கண்டால் பென்சிலால் வட்டம் போட்டு, ஓரத்தில் மதிப்பெண் குறைப்பவர். கணினி அணைந்திருந்தது, பலகைக்கும் உயிர் இல்லை. அவள் புத்தக எண்ணைத் துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு, கரண்டு வந்ததும் ஏற்றிக்கொள்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டாள். அவர் கம்பங்களுக்கு நடுவே கால் வைக்கவும் மின்சாரம் வரவும் சரியாக இருந்தது, அலாரம் கத்தியது.

பதியாமல் புத்தகம் கொடுத்ததற்காக அதற்கு முந்தைய மாதம்தான் தலைமை நூலகர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருந்தார். இன்னொரு தடவை என்றால் வேலை போய்விடும். வீட்டில் ஐந்து வாய், சம்பளம் ஒன்று. காவலாளி வாத்தியாரின் பையைத் திறக்கச் சொன்னார். கணினியில் பதிவு இல்லை. வாத்தியார் பதறவில்லை, அந்த அம்மாதான் கொடுத்தார்கள், கேளுங்கள் என்றார். நாற்பது பேர் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். சீட்டு அவள் உள்ளங்கையில் இருந்தது. தலைமை நூலகர் கவுண்டருக்கு நடந்து வருவதற்குள் அதை வாயில் போட்டு விழுங்கினாள். பிறகுதான் அந்த வார்த்தையைச் சொன்னாள்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அன்று இரவு வயிறாரச் சாப்பிட்டாள். அதை நினைத்தால்தான் இப்போது உடம்பெல்லாம் கூசுகிறது. வாத்தியாரின் உறுப்பினர் அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். பதினோராம் நாள் அவர் இறந்துபோனார். மறுநாளிலிருந்து அலாரம் தானாகக் கத்தத் தொடங்கியது.

ஒன்பதரைக்கு மெக்கானிக் வந்தான். சோதனைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கம்பங்களுக்கு நடுவே மூன்று முறை நடந்தான், நெஞ்சு உயரத்தில், இடுப்பு உயரத்தில், கணுக்கால் உயரத்தில். மூன்று முறையும் ஒழுங்காகக் கத்தியது. விளக்கு, விசிறி, கணினியின் மின்சாரம் குறுக்கே புகுந்தாலும் இப்படி ஆகும் என்று சொல்லி ஒவ்வொன்றாக அணைத்தான். வெளியே மழை மூட்டம். கடைசி விளக்கும் அணைந்தபோது அலமாரிகளுக்கு இடையே இருந்த சந்துகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. மின்விசிறி சுற்றி ஓய்ந்தது, கணினியின் முனகல் நின்றது. ஈரக் காகித வாசனையும், எங்கோ ஒரு பக்கம் தானாகப் புரளும் சரசரப்பும் மட்டும் மிஞ்சின. கம்பங்கள் மட்டும் தங்கள் பச்சைப் பொட்டோடு விழித்திருந்தன.

இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்க அவள் வாயைத் திறந்தாள். அலாரம் கத்தியது.

"இது மின்சாரக் கோளாறு இல்லக்கா. கோளாறுன்னா விட்டு விட்டுக் கத்தும். இது முழுக் கத்தல். முழிச்சிருக்கிற இழை ஒண்ணு இங்க இருக்கு."

கையடக்கக் கருவியை எடுத்து மேசை, இழுப்பறை, குப்பைக்கூடை என்று ஓட்டிக்கொண்டே வந்தான். சில திருடர்கள் புத்தகத்தை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொள்வார்கள், சதை மறைத்துவிடும், கம்பத்துக்குத் தெரியாது என்று கதை சொன்னான். அவளைக் கடக்கும்போது கருவி லேசாகக் கிர்ரென்றது. "புத்தகத்த முழுங்கிட்டீங்களாக்கா?" என்று சிரித்தான். அவளும் சிரிக்க வேண்டியிருந்தது. உதட்டைப் பிரிக்காமல் சிரித்தாள்.

வேறு கருவி கொண்டுவருகிறேன் என்று அவன் போய்விட்டான். பத்தரைக்கு நூலகத்தைத் திறந்தார்கள். ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். அவள் யாரிடமும் பேசாமல், தலையை மட்டும் ஆட்டி வேலை பார்த்தாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவளுக்கோ தொண்டை குறுகுறுத்தது, முடி ஒன்று குறுக்கே மாட்டிக்கொண்டதுபோல.

பதினொரு மணிக்கு வாத்தியாரின் மகள் வந்தாள். பசையக்காவின் வயதுதான் இருக்கும். தலைமை நூலகர் பக்கத்தில் வந்து நின்றார்.

"புகார் குடுக்க வரலக்கா. அப்பா அந்தப் பதினோரு நாளும் தூங்கவே இல்ல. அந்தம்மாவுக்கு இந்நேரம் ஞாபகம் வந்திருக்கும், போய்க் கேளுன்னு சொல்லிட்டே இருந்தாங்க. நான்தான் வரல. குடுத்தீங்களா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க. நானாவது தூங்கணும்."

கண்ணுக்குக் கீழே அந்தப் பெண்ணுக்குக் கருத்துப்போயிருந்தது. சொல்லிவிடலாம். ஒரே ஒரு வார்த்தை. தலைமை நூலகர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஞாபகம் இல்லைங்க."

அலாரம் கத்தியது. எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். வாசலில் யாரும் இல்லை.

மகள் சரி என்பதுபோல் தலையசைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். தோளில் தொங்கியது வாத்தியாரின் பழைய பை. கம்பங்களுக்கு நடுவே போகும்போது, யாரும் கேட்காமலே, அதைத் திறந்து காவலாளியிடம் காட்டினாள். அதைப் பார்த்ததும் இவளுக்குத் தாங்கவில்லை. வேலை போனால் போகட்டும். கவுண்டரைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். கம்பங்களைத் தாண்டிப் படியில் இறங்கப்போனவளைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

தான் நிற்பது கம்பங்களுக்கு நடுவே என்பதை அவள் கவனிக்கவில்லை. நான்தான் குடுத்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

அலாரம்.

வாயை மூடினாள். நின்றது.

திறந்தாள். அலாரம். இந்த முறை இன்னும் உரக்க, காது கிழிகிற மாதிரி. தன் குரல் தனக்கே கேட்கவில்லை. மகள் காதைப் பொத்திக்கொண்டு ஏதோ கேட்டாள். உதடு அசைந்தது. கேக்கல என்கிறாள்.

மறுபடி சொன்னாள். நான்தான். அலாரம். உங்கப்பா எடுக்கல. அலாரம்.

மகள் கையை உருவிக்கொண்டாள். ஒரு படி இறங்கினாள். இன்னொரு படி.

படித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். நெருங்கவில்லை. வளையமாக நின்றார்கள். அவள் வாய்க்குள் பார்த்தார்கள். காவலாளி ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

நாக்கின் அடியில் ஏதோ குத்தியது.

இரண்டு விரலை விட்டுத் துழாவினாள். மெல்லிசு. குளிர்ந்த விளிம்பு. பிடித்தாள். இழுத்தாள். வந்தது.

வெள்ளி நிறம். ஒரு சாண். ஒரு முழம். தொண்டையை அறுத்துக்கொண்டு வந்தது. இன்னும் வந்தது. காலடியில் சுருள் சுருளாக விழுந்தது. அதில் ரத்தம் இல்லை, சுத்தமாக இருந்தது. அலாரம் நிற்கவே இல்லை.

படியில் மகள் இல்லை.

அவள் இழுத்துக்கொண்டே இருந்தாள். கை நிறைந்தது. வாய் நிறைந்தது. சட்டென்று இழை நின்றது. விறைத்தது. பிறகு மறுமுனையைப் பிடித்திருந்த கை ஒன்று, அவள் வயிற்றுக்குள்ளிருந்து, நிதானமாக உள்ளே இழுக்க ஆரம்பித்தது.