பேரம் படிந்த கரவான்

லோரன்ஸின் பழைய வொல்வோ கார் பிராண்டே ஊரைத் தாண்டிப் பைன் காட்டுப் பாதையில் திரும்பியபோது பின்னேரத் தேத்தண்ணி நேரம்தான். ஆனால் டென்மார்க் அன்றைய வெளிச்சக் கடையை அதற்குள் இழுத்துப் பூட்டியிருந்தது. எண்பத்தெட்டு மார்கழி. பனி பெய்யவில்லை, பெய்யப்போவதாகப் பயமுறுத்திக்கொண்டிருந்தது.

கூட்டாளி லோரன்ஸோடு மாமாங்கம் வீடு பார்க்க வந்திருந்தான். மனைவி இராசலட்சுமியும் மகள் சுபாஜினியும் கொழும்பு கொட்டாஞ்சேனையில் லொட்ஜ் அறையொன்றில் விசாவுக்குக் காத்திருந்தார்கள். அவர்களுடைய கோப்பு மேலே அமைச்சில் எங்கேயோ படுத்துக் கிடந்தது. அந்தக் காலத்தில் எல்லாத் தமிழ் ஆண்களின் கோப்பும் அப்படித்தான் படுத்துக் கிடந்தது. ஒழுங்கான வீடு ஒன்றைக் காட்டினால் கோப்பு எழும்பி நடக்கும் என்று அவன் வேலை செய்த இக்காஸ்ட் நெசவுத் தொழிற்சாலையில் யாரோ ஒருவன் கதையைக் கிளப்பிவிட்டான். வேறு பிடிமானம் இல்லாதவனுக்கு அந்தக் கதை போதும்.

ஒவே என்ற கிழவனின் வளவில் கரவான்கள், சில்லு வைத்த வீடுகள், வரிசையாக நின்றன. பென்சன்காரருக்கும், பெண்சாதி துரத்தியவர்களுக்கும் வருடம் முழுக்க அதற்குள்தான் சீவியம். எல்லாருக்கும் நடுவில் ஒரே ஒரு பைப். குளியலறையில் முதலாவதாகப் போகிறவருக்கு மட்டும் சுடுதண்ணீர். விளக்குக் கம்பங்கள் இருந்தன, விளக்குகள் இல்லை. எல்லாவற்றையும் வசந்தத்தில் திருத்துவதாக ஒவே சொன்னான். எந்த வசந்தம் என்று சொல்லவில்லை.

காலியாக இருந்தது காட்டோரத்துக் கடைசிக் கரவான். கதவைத் திறந்ததும் நனைந்த கம்பளியும் புளித்த பாலும் கலந்த ஒரு வாடை வந்தது.

“பேசாம எடு மச்சான்,” என்றான் லோரன்ஸ். “இதைவிட மலிவா இந்த நாட்டில குளிர் மட்டும்தான் கிடைக்கும்.”

ஆனால் மாமாங்கம் மட்டக்களப்பு பசாரில் புடவைக்கடைக்காரருக்குப் பிறந்தவன். பிடித்த சாமானைக் குறை சொல்லாமல் வாங்குவது அவர்கள் வீட்டில் அவமானம். முகத்தைச் சுளித்து வைத்துக்கொண்டு, ஊருக்கே கேட்கிற குரலில், தமிழிலேயே தொடங்கினான்.

“சன்னலால காத்து வருது. தண்ணிக்கு வாளியோட அலையோணும். தரை ஐஸ்கட்டி. என்ர மகளுக்குப் படுக்க ஒரு கட்டில் இல்லை. இதெல்லாம் செய்து தரட்டும், செத்தாலும் இந்த இடத்தை விட்டு அசையமாட்டன். சொல்லு அவருக்கு.”

லோரன்ஸ் பாதியைத்தான் மொழிபெயர்த்தான். ஒவே தோளைக் குலுக்கினான்.

கரவானின் உள்மூலையில் மட்டும், யாரோ மூச்சை மெல்ல உள்ளே இழுத்தது போல ஒரு சத்தம் கேட்டது.

பைன் மரக் காற்று என்று மாமாங்கம் நினைத்தான்.

குடிவந்த அடுத்த நாளே, வேலையால் வந்து பார்த்தபோது, சன்னல் இடுக்கெல்லாம் அடைபட்டிருந்தது. சாம்பல் நிறக் கம்பளியைத் திரி திரியாக உருட்டி, நகத்தால் அமுக்கியது போல நெருக்கமாக அடைத்திருந்தார்கள். தொட்டால் ஈரம். ஒரு திரியை இழுத்தான். கூடவே வெளிறிய தலைமயிர் ஒன்று வந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டேயிருந்தது.

சும்மா கிடைத்த சாமானைத் துருவி ஆராய்கிற வழக்கம் வியாபாரிக்கு இல்லை. ஒவே ஆள் விட்டுச் செய்திருப்பான் என்று விட்டுவிட்டான்.

பிறகு, இணைப்பே இல்லாமல் கிடந்த உள்பைப் ஓடத் தொடங்கியது. வெளியே அயலவர்கள் வாளியோடு சறுக்கித் திரிய, இவனுக்கு உள்ளேயே இளஞ்சூட்டுத் தண்ணீர். காய்ச்சல்காரனின் உடம்புச் சூடு. முகம் கழுவினால் பால் வாடை.

“பேரம் பேசத் தெரிஞ்சவனுக்கு டெனிஷ் என்னத்துக்கு?” என்று லோரன்ஸிடம் பெருமையடித்தான்.

அடுத்ததாகத் தரையும் சூடானது. எல்லா இடமும் அல்ல. கதவடியிலிருந்து அவனுடைய கட்டில் வரை ஆங்காங்கே மட்டும், ஒரு பாதத்தின் அளவுக்கு. வெறுங்காலோடு நின்று பார்த்தான். காலடியில் சூடு இருந்தது. பிறகு இல்லை. அடுத்த எட்டில் இருந்தது.

சூடு நடந்துகொண்டிருந்தது.

அன்றைக்கே ஓடியிருப்பான். ஆனால் அந்தக் கிழமைதான் கொமூனிலிருந்து, அதாவது நகரசபையிலிருந்து, ஒரு பெண் இடம் பார்க்க வந்தாள். கையுறையைக் கழற்றிவிட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். இந்த வளவில் இப்படிச் சூடான கரவானைக் கண்டதில்லை என்றாள். பிள்ளைக்குக் கட்டில் ஒன்று மட்டும் போடச் சொன்னாள். அது இருந்தால் வீடு சரி என்று எழுதிக்கொடுப்பாளாம். மாமாங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. பயத்தை மடித்து உள்ளே வைத்தான்.

வளவு வாசல் தொலைபேசியில் கொழும்புக்கு எடுத்துச் சொன்னபோது இராசலட்சுமி சந்தோசப்பட்டாள். பிறகு குரலைத் தணித்தாள்.

“இஞ்ச பாருங்க, இவள் சுபா ஒரு கதை சொல்றாள். கனவில ஒரு வெள்ளைக்கார அம்மா வந்து, நூலால இவளை அளந்து பாக்கிறாவாம். தலையில இருந்து கால் வரைக்கும்.”

அவன் திரும்பி வந்து கரவான் கதவைத் திறந்தான்.

கட்டில் போட்டிருந்தது.

பழைய பலகை, ஒரு பிள்ளைக்கு அளவெடுத்துச் செய்தது போல. ஆணி இல்லை, மூட்டுக்கு மூட்டு கம்பளித் திரியால் வரிந்து கட்டியிருந்தது. சுபாஜினியின் உயரம் எவ்வளவு என்று அவன் எவருக்கும் சொன்னதில்லை. அவனுக்கே இப்போது தெரியாது. தலையணையில் ஒரு சின்னத் தலையின் பள்ளம்.

கையை வைத்தான்.

சூடாக இருந்தது.

லோரன்ஸையும் இழுத்துக்கொண்டு ஒவேயிடம் போனான். நடந்ததை லோரன்ஸ் சொல்லச் சொல்லக் கிழவனின் புகைக்குழாய் அணைந்துபோனது. தான் எதையும் திருத்தவில்லை என்றான். முன்பு அந்தக் கரவானில் ஒரு பெண் கைப்பிள்ளையோடு இருந்தாளாம். பிள்ளை வாழத் தகுந்த இடம் இல்லை என்று அதிகாரிகள் பிள்ளையைக் கொண்டுபோய்விட்டார்கள். அன்று பின்னேரம் அவள் சன்னல், கதவு, சகல இடுக்கையும் கம்பளியால் அடைத்து, காஸ் அடுப்பைத் திறந்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். இதைச் சொல்லிவிட்டு ஒவே ஏதோ முணுமுணுத்தான்.

“என்னவாம்?”

லோரன்ஸ் தயங்கினான். “கட்டிலையும் நீதான் கேட்டியா எண்டு கேக்கிறார்.”

மாமாங்கத்துக்கு அப்போதுதான் விளங்கியது. பசாரில் ஒரு முறை இருக்கிறது. வாங்க வந்தவன் இன்னது தந்தால் எடுப்பேன் என்று சொல்லி, விற்கிறவன் அதைத் தந்துவிட்டால், பிறகு கேட்டவன் கடையை விட்டு இறங்கக்கூடாது. அவன் கேட்டிருந்தான். ஒவேயிடம் என்று நினைத்துக் கேட்டிருந்தான், தந்தது அவள்.

மறுநாள் நல்ல பகலில், பெட்டியை எடுக்கப் போனான். உள்ளே நின்று, கடைக்காரத் தொனியை வரவழைத்துக்கொண்டு சொன்னான்.

“சாமான் வேண்டாம். பேரம் இல்லை. பிள்ளையை விட்டிரு.”

சத்தமில்லை. பைப்பும் ஓடவில்லை.

பிறகு அந்தச் சின்னக் கட்டிலின் அடியிலிருந்து, தமிழை முதன்முதலாக நாக்கில் வைத்துப் பார்க்கிற ஒரு பெண் குரல், சொல் சொல்லாகக் கேட்டது.

“செத்தாலும்... இந்த இடத்தை விட்டு... அசையமாட்டன்.”

கதவைத் தள்ளினான். விளிம்பு முழுக்க, உள்பக்கத்திலிருந்து, கம்பளி அடைத்திருந்தது. அவன் வந்தபோது அது இல்லை. பிய்த்தான், கடித்து இழுத்தான், தோளால் இடித்தான். பனியில் முகங்குப்புற விழுந்தபோது வாய்க்குள் மயிர். பெட்டி உள்ளேயே கிடந்தது.

கொமூன் பெண்ணிடம் போய், அந்த இடம் பிள்ளைக்குச் சரிவராது என்று அவனே சொன்னான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சாமானை மனதார இகழ்ந்தான். அவள் வியப்போடு பார்த்துவிட்டு, படிவத்தில் அந்த விலாசத்தை வெட்டினாள். தொலைபேசியில் இராசலட்சுமி அழவில்லை.

“கிடைச்சது எண்டீங்க. இப்ப இல்லை எண்டுறீங்க. நாங்க இஞ்சயே கிடக்கிறம், என்ன?” என்றாள்.



பிறகு தமிழரின் கோப்புகளை அமைச்சர் முடக்கியது வெளிவந்து மேலிடத்தில் அமளி கிளம்பிப் படுத்துக் கிடந்த கோப்புகள் எழும்பின. ஒவேயின் வளவிலும் குழாய்கள் புதைத்து, விளக்குகள் போட்டு, புதுக் குளியலறை கட்டி, கடைசிக் கரவானை உடைத்து அள்ளிவிட்டார்கள் என்று லோரன்ஸ் சொன்னான். மாமாங்கம் இக்காஸ்டில் இரண்டு அறை வீடு எடுத்தான். தொண்ணூறு சித்திரையில் மனைவியும் மகளும் பிலுண்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள். சுபாஜினி வளர்ந்திருந்தாள். தகப்பனை யாரோ என்று பார்த்தாள், பிறகு வெட்கத்தோடு ஒட்டிக்கொண்டாள். அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

காரில் லோரன்ஸ் பகிடி விட்டான். இராசலட்சுமி கனகாலத்துக்குப் பிறகு சிரித்தாள். பிள்ளை கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பேசாமல் வந்தாள். பிராண்டேக்குக் கிட்ட, சந்தியில், இக்காஸ்ட் பக்கம் திரும்ப லோரன்ஸ் சிக்னல் போட்டான்.

பின்சீட்டிலிருந்து சுபாஜினி இரண்டு வார்த்தை சொன்னாள்.

லோரன்ஸ் சந்தி நடுவிலேயே காரை நிறுத்திவிட்டான்.

“என்னடா? என்ன சொல்றாள்?” மாமாங்கம் கேட்டான்.

லோரன்ஸ் திரும்பிப் பார்க்கவில்லை. “டெனிஷ் மச்சான்,” என்றான். “இந்தப் பக்கத்துக் கிழவிகள் கதைக்கிற டெனிஷ். வீடு மற்றப் பக்கமாம்.”

பிள்ளையின் விரல் பைன் காட்டுப் பக்கம் நீண்டிருந்தது.