இருபத்தைந்தாவது விடைத்தாள்

காலை பத்து மணிக்குக் கிளினிக்கைப் பூட்டிவிட்டு வந்த பல் டாக்டர், ரைட்டர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்ததும் தண்ணீர்கூட வேண்டாம் என்றார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு தாளைக் கண்டுபிடிச்சுக் குடுக்கணும் சார். இல்லேன்னா எங்கப்பா பேரு கெட்டுப்போயிடும்."

ரைட்டர் கதை எழுதுகிறவர் அல்ல. இருபத்தெட்டு வருடம் காவல் நிலையத்தில் வழக்குக் கட்டுகளை எழுதி ஓய்வு பெற்றவர். வேலை முடிந்தபின்னும் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. தெருமுனையில் தையல்கடை வைத்திருக்கும் அவர் மனைவியின் தம்பி, ரைட்டருக்குத் துப்புத் துலக்கும் வேலை வந்துவிட்டது என்றால் பாதி தைத்த சட்டையை மிஷினிலேயே விட்டுவிட்டு ஓடிவருவார். அன்றும் கழுத்தில் அளவு நாடாவோடு வந்து நின்றார்.

டாக்டரின் தந்தை அரசியல் அறவியல் பேராசிரியர். இறந்து எட்டு மாதம் ஆகிறது. ஆட்சியில் இருப்பவர்கள் எதைச் செய்யக் கூடாது என்று முப்பது வருடம் வகுப்பில் பேசியவர். ஆட்சியில் இருந்தவர்கள் நேரில் கூப்பிட்டுக் கேட்டபோதும் அதையேதான் சொன்னார். அதனால் சில பதவிகள் அவரைத் தேடி வந்து, வந்த வழியே திரும்பிப் போயின. ஆனால் மாணவர்கள் மறக்காதது அவருடைய தேர்வின் கடைசிக் கேள்வியைத்தான்: 'சரி என்று நம்பியதற்கு மாறாக நீங்கள் நடந்துகொண்ட ஒரு சமயத்தை எழுதுக. பெயரோ எண்ணோ வேண்டாம். மதிப்பெண் கிடையாது.'

பின்னால் பிறர் படிக்கக்கூடும் என்று சொல்லித்தான் எழுத வைப்பார். அவர் வேலைக்கு வந்த முதல் வருடத்து விடைகள் ஒரே கட்டாகத் தைக்கப்பட்டுத் துறையில் இருந்தன. பல்கலைக்கழகத்தில் அவர் பேரில் வெள்ளிக்கிழமை திறக்கப்படும் அறையில் அந்தக் கட்டை யாரும் எடுத்துப் படிக்கலாம் என்று ஏற்பாடு.

"அட்டையில அப்பா கையெழுத்துல 'விடைகள் 25'ன்னு இருக்கு. நேத்து எண்ணிப் பார்த்தேன். இருபத்துநாலுதான் சார்."

"அதனால என்னம்மா?"

"அந்த வகுப்புல படிச்ச ஒருத்தர் இப்ப அமைச்சர். அறையைத் திறக்கப்போறவரே அவர்தான். போன வியாழக்கிழமை அவரோட உதவியாளர் வந்து அரைமணி நேரம் கட்டைப் புரட்டிட்டுப் போயிருக்கார். ஒரு நிருபர் காதுக்கு எட்டிடுச்சு. 'அமைச்சர் எழுதினதை நீங்களே உருவிக் குடுத்துட்டீங்களா'ன்னு போன்ல கேட்கிறார். எங்கப்பா பொண்ணு பணிஞ்சு போயிட்டாள்னு எழுதினா நான் என்ன செய்ய?"

"கேஸ் முடிஞ்சது மாமா. உதவியாளர்தான்" என்றார் தையற்காரர்.

"முடிஞ்சதுன்னா நீ கடைக்குப் போகலாம் மாப்ள."

தையற்காரர் போகவில்லை. மூவருமாகத் துறைக்குப் போனார்கள்.

துறை அலுவலகம் நீளமான ஒற்றை அறை. கடைசியில் அட்டெண்டரின் மேசை. அதன்மேல் ஒரு நூல் உருண்டை, மெழுகுத் துண்டு, சாக்குத் தைக்கிற பருமனில் ஓர் ஊசி. தேர்வுத் தாள்களைக் கட்டுக் கட்டாகத் தைப்பது பேராசிரியர் வந்த காலத்திலிருந்தே அவர் வேலை. "வா பாப்பா" என்று டாக்டரை வரவேற்று, கட்டை இரண்டு கையாலும் எடுத்து வந்து வைத்தார்.

தையற்காரர் அதைக் கண்ணருகே கொண்டுபோனார். "அட்டை பழுத்துக் கெடக்கு, நூல் மட்டும் புதுசா பளபளங்குது மாமா. பிரிச்சுத் திரும்பத் தச்சிருக்காங்க. ஆனா ஒரு ஓட்டைகூடப் புதுசு இல்ல, பழைய ஓட்டையிலேயே ஊசி போயிருக்கு. அரைமணி நேரத்துல நான்கூட இப்படித் தைக்க மாட்டேன். அந்த உதவியாளர் கில்லாடி."

ரைட்டர் அட்டெண்டரிடம் கேட்டார். "வியாழக்கிழமை அவர் புரட்டினப்போ நீங்க இருந்தீங்களா?"

"பக்கத்துலயேதான் நின்னேன்."

"தாள் எதுவும் எடுத்தாரா?"

"இல்லீங்க. பசங்க எழுதின தாள் ஒண்ணுகூடக் காணாமப் போகலீங்க. எங்க வந்து வேணாலும் சொல்வேன்."

ரைட்டர் தலையசைத்துவிட்டு, அந்த வருடத்து வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினார். ஒரு பக்கத்தில் விரலை மேலிருந்து கீழே ஓட்டினார். பிறகு மூடிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து, திறப்பு விழா ஏற்பாட்டைப் பார்க்க உதவியாளரே வந்து சேர்ந்தார். கேட்டதற்கு மறைக்காமல் சொன்னார்.

"அமைச்சருக்குத் தான் என்ன எழுதினோம்னு ஒருதரம் பார்க்கணும்னு ஆசை. கண்டுபிடிச்சுப் படம் எடுத்துட்டு வரச் சொன்னார். முத்து முத்தான எழுத்தா இருக்கும், பார்த்ததுமே தெரியும்னார். அரைமணி நேரம் தேடினேன். எல்லாமே கோழிக் கிறுக்கல். இதை எப்படிப் போய் அவர்கிட்ட சொல்றதுன்னு இன்னும் யோசிச்சிட்டிருக்கேன்."

ரைட்டர் சிரித்து அவரை அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார்.

"நாம எல்லாரும் அமைச்சர் தாளையே தேடிட்டிருந்தோம். பதிவேட்டுல அந்த வருஷம் மொத்தமே இருபத்துநாலு பேர். கட்டுலயும் இருபத்துநாலு இருக்கு. அமைச்சரோட கிறுக்கலும் அதுக்குள்ளதான் இருக்கு."

"அப்ப அட்டையில ஒண்ணு கூட எழுதிட்டாரா?" என்றார் தையற்காரர்.

"எண்ணிட்டுத்தான் எழுதியிருப்பார். பரீட்சை நடந்தப்போ அந்த ஹால்ல இன்னொருத்தரும் உட்கார்ந்திருந்தார் இல்லையா? கேள்வியை எழுதிப் போட்டுட்டு, எதிர்ல."

டாக்டர் மெல்லக் கேட்டார். "அப்பாவா?"

"அவரேதான். இனி இவர்கிட்டதான் கேட்கணும்." ரைட்டர் அட்டெண்டர் பக்கம் திரும்பினார். குரலில் அதட்டல் இல்லை. "கட்டைப் பிரிச்சுத் தச்சது தினமும் காகிதம் தைக்கிற கைன்னு மாப்ளையே சொல்லாமச் சொல்லிட்டான். நான் தாள் எடுத்தாரான்னு கேட்டேன். நீங்க 'பசங்க எழுதின தாள்' காணாமப் போகலேன்னு சொன்னீங்க. பொய் சொல்ல வராதவங்கதான் அப்படி வார்த்தையை அளந்து பேசுவாங்க. நிறைய வாக்குமூலம் எழுதினவன் நான்."

அட்டெண்டர் ஊசியையும் நூலையும் ஓரமாக ஒதுக்கினார். பிறகு இழுப்பறையைத் திறந்து, செய்தித்தாளில் சுற்றிய ஒரு தாளை எடுத்து டாக்டரிடம் நீட்டினார்.

அவர் அப்பாவின் எழுத்து. பேராசிரியர் வேலைக்கு வந்த முதல் வருடம், அரையாண்டுக் கேள்வித்தாள் வெளியே கசிந்திருக்கிறது. பழி அட்டெண்டர்மேல் விழுந்து, அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அலமாரிச் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுப் போனது பேராசிரியர். 'புது வேலை, சின்னக் குழந்தை, பயம். மூன்று மாதம் வாயைத் திறக்கவில்லை. இவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டபின் இன்று என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. தாள்களை வாங்கியதும் துணைவேந்தரைப் பார்க்கப் போகிறேன்.'

"போனாரு பாப்பா. அதுக்கப்புறம் ஒம்பது வருஷம் பதவி உயர்வு குடுக்காம வச்சிருந்தாங்க. நான் திரும்பி வந்த அன்னிக்கு எங்கிட்ட குடுத்த முதல் வேலையே இந்தக் கட்டைத் தைக்கிறதுதான். தன் தாளைப் படிச்சுட்டுத் தைங்கன்னாரு. இத்தனை வருஷம் யாரும் பிரிச்சுப் பார்க்கல. இப்ப ஊரே படிக்கும். ஐயாவை இவ்வளவு உசரத்துல வச்சுப் பேசறாங்க. இறக்கிடுவாங்களேன்னு..."

டாக்டர் தாளை மடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது, ஆனால் முகத்தில் இருந்தது துக்கம் இல்லை.

"அண்ணே, சின்ன வயசுல ஒரு பொய் சொல்லிட்டு, அப்பா முகத்தைப் பார்க்க முடியாம மூணு நாள் தனியா சாப்பிட்டிருக்கேன். அவருக்கும் பயம்னு ஒண்ணு இருந்ததுன்னு இன்னிக்குத்தான் தெரியுது. எனக்கு அவர் இப்பதான் கை எட்டற தூரத்துக்கு வந்திருக்கார்."

"இருந்தாலும் பாப்பா..."

"பிறர் படிப்பாங்கன்னு தெரிஞ்சுதானே அவரும் எழுதினார்? நிறுத்திவச்சது உங்களை. அதனால நீங்க வேண்டாம்னா இது உங்ககிட்டயே இருக்கட்டும். நிருபருக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

அட்டெண்டர் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, கட்டைத் தன் பக்கம் இழுத்து, முடிச்சை அவிழ்த்தார்.

வெள்ளிக்கிழமை விழாவுக்கு அமைச்சர் இருபது நிமிடம்தான் ஒதுக்கியிருந்தார். டாக்டர் வற்புறுத்தி மேடையேற்றியபோது, தனக்குப் பேச வராது என்று அட்டெண்டர் சொன்னார். பிறகு முக்கால் மணி நேரம் பேசினார். நிறுத்திவைத்த நாட்களில் வீட்டில் நடந்தது, திரும்பி வந்த அன்று பேராசிரியர் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்றது, அதன்பின் இரண்டு பேரும் ஒரே மேசையில் சாப்பிட்ட முப்பது வருடம். அமைச்சர் ஒருமுறைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. வாசலில் உறுமிக்கொண்டே நின்ற அவருடைய காரை ஓட்டுநர் ஒரு கட்டத்தில் அணைத்துவிட்டு, உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.