பெயரில்லாத அழைப்பு

அவெலினாவும் மகள் ஜெர்லினும் சொந்த ஊரான பக்காராவில் வந்து இறங்கியபோது காலை பத்து மணி. மணிலாவிலிருந்து விடிய விடிய பஸ்ஸில் குலுங்கி வந்ததில் இடுப்பு கழன்றுவிட்டது. பெட்டியில் பாதி இடத்தை அன்னாசிக் கேக் பொட்டலங்கள் அடைத்திருந்தன. அதைத் தெருவுக்கெல்லாம் பங்கு வைக்காமல் தைவான் போய் வந்தேன் என்று சொன்னால் ஊர் நம்பாது.

நாத்தனார் டெல்பினா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"என்ன அண்ணி, பத்தே நாள்ல வெளுத்துட்டீங்க! எங்கண்ணன் எப்படி இருக்கான்? இளைச்சிட்டானா?"

"உங்கண்ணனா? தொப்பை போட்டிருக்கு. திருகாணி ஃபேக்டரியில இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்து போட்டுட்டு, அதை என்கிட்ட சொல்லத் தெரியாம முழிக்கிறாரு. நாலு வருஷம் ஆச்சு. போதும், வீட்டுக்கு வான்னு வாய்வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்."

டெல்பினா பேச்சை மாற்ற, முற்றத்தில் மேய்ந்த வாத்துகளுக்குத் தவிட்டை நீட்டி, "வா, வா" என்றாள்.

ஜெர்லின் பையைக் கீழே வைத்துவிட்டு நடந்து வந்து, வாத்துகளோடு வாத்தாக அவள் முன்னால் நின்றாள்.

டெல்பினா விழுந்து விழுந்து சிரித்தாள். "ஒன்பது வயசாகியும் விளையாட்டு போகலையே! அடியே ஜெர்லின், கேக்கை எடு பார்ப்போம்."

குழந்தை திரும்பவில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல் நின்றிருந்தாள்.

முதல் இரண்டு நாள் அவெலினா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பயண அலுப்பு என்று நினைத்தாள். கோயில் எதிரே இருந்த அவளுடைய எம்பனாடா கடையை மூடி வைத்ததில் வாடிக்கை சிதறியிருந்தது. அரிசி மாவைத் தட்டி, பப்பாளியும் முட்டையும் வைத்து மடித்து எண்ணெயில் போடுவதற்கே கை பத்தவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்திலிருந்து ஆசிரியை வந்து சொன்னாள். பெயர் வாசித்தால் பிள்ளை பதில் சொல்வதில்லையாம். பக்கத்து வகுப்பில் யாரோ யாரையோ "வா" என்றால் மட்டும் எழுந்து போய்விடுகிறாளாம்.

அப்புறம் அந்த வாடை. ஜெர்லினின் தலைமுடி எப்போதும் நனைந்தே இருந்தது. எவ்வளவு துவட்டினாலும் கால் மணி நேரத்தில் மறுபடி ஈரம். ஊர் ஆற்றின் வாடை இல்லை அது. குளிர்ந்த, பாசி பிடித்த, வெயிலே படாத தண்ணீரின் வாடை.

வியாழக்கிழமை மதியம் ஆற்றங்கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்த ஒருவன் தன் கூட்டாளியைப் பார்த்து "வாடா" என்று கத்தினான்.

ஜெர்லின் சீருடையோடு ஆற்றில் இறங்கினாள்.

கழுத்தளவு தண்ணீருக்குப் போனபிறகுதான் அவன் பார்த்தான். தூக்கிக்கொண்டு வந்து கடை முன்னால் இறக்கினான். அவன்தான் நடுங்கிக்கொண்டிருந்தான். குழந்தைக்கு மூச்சுகூட இரைக்கவில்லை.

அவெலினா அடுப்பை அணைத்துவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டு சிஸ்தோவிடம் ஓடினாள்.

சிஸ்தோவுக்கு ட்ரைசிக்கிள் நிறுத்தத்தில் பஞ்சர் ஒட்டும் தொழில். பயந்து போன பிள்ளைகளுக்கு உயிரைக் கூப்பிட்டுத் தருவதும் அவர்தான். இரண்டுக்கும் ஒரே ஸ்டூல். கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு ஜெர்லினின் உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்தார். உடனே எடுத்துவிட்டார்.

"உள்ள ஆள் இருக்கு," என்றார். "ஆனா வீட்டுக்குச் சொந்தக்காரி இல்ல."

"அண்ணே, பயமுறுத்தாதீங்க."

"போன இடத்துல தண்ணி இருந்துச்சா?"

இருந்தது. மலைமேல் ஒரு ஏரி. கணவன் ஜெரியின் ஃபேக்டரி ஆட்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் எடுத்துப் போனார்கள். ஜெர்லின் செருப்பைக் கழற்றிவிட்டு மதியம் முழுக்கத் தண்ணீரில் நின்றாள்.

"கிளம்பும்போது கூப்பிட்டியா?"

அவெலினா தலையைக் குனிந்துகொண்டாள். ஆற்றிலிருந்தோ காட்டிலிருந்தோ கிளம்பும்போது, உயிர் அங்கேயே நின்றுவிடாமல் இருக்க, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுத்தான் இந்த ஊரில் யாரும் நடையைக் கட்டுவார்கள். வீட்டைப் பூட்டுவதுபோல அது ஒரு பழக்கம். ஆனால் அன்று வேன்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். ஜெரியின் சிநேகிதர்கள் வேறு வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். பட்டிக்காட்டுக்காரி தண்ணீரோடு பேசுகிறாள் என்று சிரிப்பார்களே என்று அவளுக்கு வெட்கம். அதனால் உதட்டுக்குள்ளேயே முணுமுணுத்தாள். வா, வா, போகலாம், இங்கேயே நின்னுடாதே.

பெயர் சொல்லவில்லை.

"நீ யாரைன்னு சொல்லல," என்றார் சிஸ்தோ. "வரணும்னு ரொம்ப நாளாக் காத்திருந்தது எதுவோ, அது வந்துடுச்சு. உன் பொண்ணு இன்னும் கூப்பிடுவாங்கன்னு அங்கேயே நிக்குறா."

அவெலினாவுக்கு நெருப்பில் நிற்கிற மாதிரி இருந்தது. ஒன்பது வயதுக் குழந்தை, ஊர் பேர் தெரியாத ஏரியில், பத்து நாளாக. நானே விட்டுவிட்டு வந்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"அழுதது போதும். உன் புருஷனைப் போகச் சொல்லு. தண்ணியில கால் வெச்சுப் பேர் சொல்லிக் கூப்பிடட்டும். திரும்பும்போது தன்னையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கணும். அதை மறந்துடக் கூடாதுன்னு சொல்லு."

ஜெரி முதலில் ஃபோனிலேயே சிரித்தான். "லினா, நீயும் உன் பஞ்சர் டாக்டரும்!" அப்புறம் மகளைத் திரையில் பார்த்தான். இரண்டு நிமிடம் பார்த்தான். அவள் கண்ணை இமைக்கவே இல்லை.

"ஞாயித்துக்கிழமை போறேன்," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொன்றரை. வெளியே வெயில் கொளுத்தியது. ஜெர்லின் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, அவளுடைய பழைய கவுனை மடியில் போட்டு அவெலினா ஃபோனைப் பிடித்திருந்தாள். திரையில் ஏரி. ஜெரி கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினான்.

"ஐயோ, ஐஸா இருக்கு." பல் கிட்டியது. அப்புறம் கூச்சத்தை விட்டுவிட்டுக் கத்தினான். "ஜெர்லின்! வா ஜெர்லின், போகலாம்! இங்க நிக்காதே! ஜெர்லின்!"

மலை அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னது.

பெஞ்சிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. முடியிலிருந்து, விரல் நுனிகளிலிருந்து, மூக்கிலிருந்து. தரையில் ஓடி வாசலைத் தாண்டி வெயிலில் போய் மறைந்தது.

"அம்மா, குளிருது," என்றது குழந்தை.

அவெலினா வாய்விட்டு அழுதாள். "ஜெர்லின்?" என்றாள். "என்னம்மா?" என்று பதில் வந்தது. இன்னொரு முறை கூப்பிட்டாள். இன்னொரு முறையும். டெல்பினா ஓடிவந்து குழந்தையைச் சூடான துணியில் சுற்றினாள். சூப் கொடு, எண்ணெய் தேய் என்று வீடே அமர்க்களப்பட்டது. ஃபோன் எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. பெஞ்சுக்கு அடியில் அது அணைந்து கிடந்தது. திரும்பும்போது உன் பேரையும் சொல்லு என்று ஜெரியிடம் சொல்ல வேண்டிய வார்த்தையும் அதோடு கிடந்தது.

மணி மூன்றானபோது அவனே அழைத்தான். பஸ்ஸில் உட்கார்ந்திருந்தான். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுந்தது. சிரித்த முகம்.

"வந்துட்டா ஜெரி! முழுசா வந்துட்டா!" என்றாள் அவெலினா. "நீ கிளம்பும்போது உன் பேரைச் சொன்னியா?"

"நான் வீட்டுக்கு வரலாம்னு இருக்கேன்," என்றான் அவன். "வேலை, கையெழுத்து, எல்லாம் கிடக்கட்டும்."

நாலு வருடம் காத்திருந்த வார்த்தை. அவெலினா ஃபோனை முகத்துக்கு இன்னும் கிட்டே கொண்டுவந்தாள். "நிஜமாவா? எப்போ?"

"நீ சொன்னா உடனே. வான்னு சொல்லு."

அவள் வாயைத் திறந்தாள்.

சின்ன, காய்ந்த, வெதுவெதுப்பான கை ஒன்று அதைப் பொத்தியது. ஜெர்லின் அம்மாவின் தோளுக்குப் பின்னாலிருந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லாதேம்மா," என்று காதோடு கிசுகிசுத்தாள். "அப்பா என்னைத் தூக்கிக் கரையில விட்டாரு. அவரு இன்னும் ஏறல."

திரையில் ஜெரியின் முன்முடியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் மூக்கின்மேல் இறங்கியது. அவன் அதைத் துடைக்கவில்லை. கண்ணையும் இமைக்கவில்லை.

"சொல்லு லினா," என்றது அது. "ஒரே ஒரு தடவை."