பொய்க்கெழு

செவ்வாயின் நிலத்தடிக் குடியிருப்பில் காலையில் பல் துலக்கியதும் வீட்டுக்கொருவர் நடைவழிச் சுவரிடம் போய், அன்றைக்கு எத்தனை பங்கு காற்று வேண்டும் என்று சொல்லியாக வேண்டும். சுவருக்குள் இருந்த கணிப்பான் நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளின் தேவையையும் கூட்டி ஆலைக்கு அனுப்பும். ஆலை அவ்வளவு காற்றைச் செய்யும்.

ஒரு வீட்டுக்கு ஒரு பங்கு போதும். ஆனால் எல்லாரும் இரண்டு என்றுதான் சொன்னார்கள். கணிப்பானும் சும்மா இருக்கவில்லை. வீட்டுக்கொரு பொய்க்கெழு வைத்து, அதாவது அவர்கள் சொல்வதில் எவ்வளவு உண்மை என்று காட்டும் ஓர் எண் வைத்து, கேட்ட அளவை அந்த எண்ணால் பெருக்கியே வழங்கியது. சமையற்கூடத்தில் வேலை செய்யும் கோதண்டத்தின் வீட்டுக் கெழு அரை. இரண்டு கேட்டால் ஒன்று கிடைக்கும். இரண்டுக்கு மேல் கேட்கச் சுவர் விடாது.

ஒரு நாள் அவர் மனைவி மேகலாவுக்கு இடுப்புவலி கண்டது. பிரசவத்துக்கு இரண்டு பங்கு முழுசாக வேண்டும் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். கோதண்டம் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"முள்ளு இறங்கிட்டே இருக்குங்க," என்றாள் மேகலா, காற்றுமானியைப் பார்த்து.

"நீ அதப் பாக்காத."

"நீங்க நடக்காம இருங்க. இருக்கிற காத்தையும் நீங்களே குடிச்சிருவீங்க போல."

அவர் வெளியே நடைவழிச் சுவரிடம் ஓடினார்.

"ரெண்டு பங்கு. நெசமாவே ரெண்டு."

"பதினோரு வருஷமா நெசமாத்தான் சொல்றீங்க சார். ஒண்ணு அனுப்பியாச்சு. கையிருப்பு இல்லை," என்றது கணிப்பான்.

"அதெல்லாம் பொய்தான், ஒத்துக்கறேன். ஒரு நாளும் ஒண்ணுக்கு மேல தேவைப்படல. இன்னிக்கு அவ உள்ள மூச்சுக்குத் தவிக்கிறா."

 சுவருக்குள் காற்றுக்குழாய் சீறியது. உள்ளே மருத்துவச்சி, "முள்ளு ஏறுது" என்றாள். சற்று நேரம் கழித்துக் குழந்தை அழுதது.

கோதண்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கையிருப்பு இல்லன்னியே?"

"இருக்கு சார். நீங்க எல்லாரும் சொல்ற அளவுக்கு ஆலை செய்யுது, நான் பாதிதான் தரேன். மிச்சமே ஒன்பது வருஷத்துக்கு வரும். இருக்குன்னு சொன்னா இன்னும் கூடக் கேப்பீங்க. அதான் இல்லைன்னே பதிஞ்சிருக்கேன்."

அவர் கோபப்பட்டிருக்க வேண்டிய இடம் அது. ஆனால் அவர் நடைவழியின் இரு பக்கமும் பார்த்துவிட்டுச் சுவரோடு வாயை ஒட்டினார்.

"சரி, நமக்குள்ள இருக்கட்டும். எங்க வீட்டுக்கு மட்டும் தினமும் கால் பங்கு கூடப் போட்டுரு."

"போட்டுடறேன் சார். மத்த நானூத்திப் பதினோரு வீட்டுக்காரங்களும் இப்படித்தான் கேட்டாங்க. ஒருத்தரும் அடுத்த வீட்டுல சொல்லல."