கம்பிக்கு இந்தப் பக்கம்

எரிமலையைப் படம் எடுக்க வந்த மனிசன் ஏன் கமராவை நிமிர்த்திப் பிடிக்கிறார்?

அகலமான மலைக்குக் கமராவைக் கிடையாகப் பிடிக்க வேண்டும் என்பது கலாவுக்கே தெரியும். மெல்பனிலிருந்து மேற்கே மூன்று மணி நேரம் கார் ஓடி வந்து, வானம் வெளிக்கும்வரை இந்தக் காட்சிமேடையில் நிற்கிறார்கள். எப்போதோ அணைந்துபோன எரிமலை. கம்பிவேலிக்கு அப்பால் அதன் வாய் செங்குத்தாக இறங்குகிறது என்று பலகை சொன்னது. இப்போது மூடுபனியில் எல்லாமே வெள்ளை.

"எரிமலை எண்டு கூட்டிக்கொண்டு வந்து புட்டுப்பானை ஆவியைக் காட்டுறியள்."

"வெளிக்கும். நீர் அதிலை நில்லும்," என்றார் அவள் கணவர் கேதீஸ்வரன்.

"மலையே இல்லை. என்னத்தை எடுக்கிறியள்?"

"உம்மைத்தான். தலையை நிமிர்த்தும்."

கிளிக்.

ஈரப்புல்லின் மணமும் ஆட்டுப் புழுக்கையின் மணமும் கலந்த மூடுபனி கழுத்தைத் தொட்டுத் தொட்டு விலகியது. கம்பியிலிருந்து நீர் சொட்டும் ஓசைக்கு நடுவே, கீழே கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில், ஒரு காகம் பச்சைக் குழந்தையைப் போல இழுத்து இழுத்து அழுதது.

மரண அறிவித்தல்களும் முப்பத்தோராம் நாள் நினைவு மலர்களும் வடிவமைத்துக் கொடுப்பது கலாவின் வேலை. அதற்கென்று யாரும் படம் எடுத்து வைப்பதில்லை. பயணத்தில் எடுத்த படங்களைத்தான் சனம் அனுப்பும். அவள் படத்தின் பின்னணியில் கிடக்கும் கடலை வெட்டுவாள், தோளில் கிடக்கும் அடுத்தவர் கையை வெட்டுவாள். நல்ல படம் எது என்று அவளுக்குத் தெரியும். தனி ஆள். நேர் முகம். பின்னால் வெறும் வெள்ளை.

இந்தக் குளிருக்குள் சேலை கட்டச் சொன்னதும் இவர்தான்.

கிளிக்.

"கொஞ்சம் சிரியும்."

கிளிக்.

"காட்டுங்கோ பாப்பம்."

அவர் தயங்கினார். அவள் கமராவை வாங்கினாள். முதல் படத்தில் அவள் கம்பியில் சாய்ந்து நின்றாள். இரண்டாவதில் சிரித்தாள், சிரித்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை. மூன்றாவதை விரலால் பெரிதாக்கினாள்.

கம்பி அவளுக்கு முன்னால் இருந்தது; அவள் பள்ளத்தின் பக்கம் நின்றாள்.

"இது என்ன?"

"என்ன? வடிவாத்தானே வந்திருக்கு." கமராவை மெல்லத் திருப்பி வாங்கிக்கொண்டார். பதினாறு வருடம் பழகிய குரல். அதில் ஒரு மாற்றமும் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

காகத்தின் அழுகை நின்றது. சொட்டும் நின்றது.

"வெளிக்குது, கலா! அங்கை பாரும்."

திரும்பினாள். வெள்ளை கிழிந்தது. பச்சைச் சரிவு. கீழே கறுத்த நீர். கம்பிக்கு அப்பால், விளிம்பில், இவர்களைப் பார்த்தபடி ஒரு பெண்.

கலாதான்.

கலாவின் முகம். படத்தில் சிரித்த அதே சிரிப்பு.

கேதீஸ்வரன் கமராவை உயர்த்தினார். எந்தப் பக்கம் குறி வைக்கிறார் என்று தெரியவில்லை.

"பின்னுக்கு ஒரு அடி வையும்."

கலா இரண்டு கைகளாலும் கம்பியைப் பற்றிக்கொண்டாள்.

"மாட்டன்," என்றாள், மிக மெதுவாக.

"ஆ, அப்பிடித்தான்," என்றார் அவர். "இன்னும் ஒண்டு."

விளிம்பில் நின்றவள், சிரித்தபடியே, காலைப் பின்னால் எடுத்து வைத்தாள்.