பதினைந்து நிமிடக் காற்று

மதியம் மூன்று இருபத்தைந்துக்குச் சூசைராஜ் வெல்டிங் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, ஏழாம் அடுக்கின் கதவுகளைத் தட்டக் கிளம்பினான். மூன்று நாற்பதுக்கு வலி வந்துவிடும். இந்த வருட வலிப் பருவம் தொடங்கிப் பதினோரு நாளாகிறது. ஒரு நாளும் தவறியதில்லை.

“வந்துட்டான்யா நம்ம கடிகாரம்,” என்றார் முதல் வீட்டுக் கோயில்பிள்ளை. “அடுப்ப அணைச்சாச்சுடே. உங்கக்கா பேச்சக்கூட நிறுத்திட்டா. போ.” சுவரிலிருந்த சம்மதப் பொத்தானை அழுத்தினார்.

வெளிக்காற்று விஷமாகி இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. இந்த நிலத்தடி நகரத்தில் ஆறு வீட்டுக்கு ஒரே காற்றுக்குழாய். ஒருவருக்கு மிகைத்திறப்பு, அதாவது முகமூடி வழியே நிமிடத்துக்குப் பதினைந்து லிட்டர் சுத்த ஆக்சிஜன் வேண்டுமென்றால், மற்ற ஐந்து வீட்டுக்கும் காற்று பாதியாகக் குறையும். பதினைந்து நிமிடம் எல்லாரும் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். ஐந்து வீடும் சம்மதித்தால்தான் வால்வு திறக்கும். கேட்பவன் நேரில் வந்து காரணம் சொல்ல வேண்டும். கொடுப்பவரிடம் எதுவும் விசாரிக்கக் கூடாது. சட்டத்தில் அப்படி இல்லை. அது அடுக்குக்காரர்களின் மரியாதை.

நான்கு வீடு முடிந்தது. ஐந்தாவது வீட்டுக்கு முந்தைய நாள்தான் குடிவந்திருந்தாள் அமலி. கதவை ஒரு சாண் மட்டும் திறந்தாள்.

“தலைவலிக்கா இவ்வளவு? மாத்திரை போட்டாக் கேக்காதாண்ணே?”

“இது கொத்துத் தலைவலிம்மா. ஒத்தக் கண்ணுக்குப் பின்னால பழுக்கக் காச்சின கம்பிய விட்டுத் திருகுற மாதிரி. மாத்திரை வேல செய்யிறதுக்குள்ள நான் மனுசனா இருக்க மாட்டேன். ஆக்சிஜன்தான் நிறுத்தும்.”

அதற்குள் அவனுடைய வலது கண்ணில் நீர் வழிந்தது, இமை தொங்கியது. அமலி ஒருமுறை வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் பொத்தானை அழுத்தினாள். எதற்காகத் திரும்பினாள் என்று சூசைராஜ் கேட்கவில்லை.

அடுத்த வீடுதான் அவனுடையது. முகமூடியை இறுக்கி மாட்டி, முன்னால் குனிந்து உட்கார்ந்தான். வலி வந்தது. ஐந்து நிமிடம் நாற்காலியில் முன்னும் பின்னும் ஆடினான். ஆறாவது நிமிடத்தில் பிடி தளர்ந்தது.

அப்போது சுவருக்கு அப்பால் ஒரு குழந்தை இருமியது. கிழிந்த துணியை மேலும் கிழிப்பது போன்ற இருமல். சூசைராஜுக்குப் புரிந்துவிட்டது. நுரையீரல் கெட்டவர்களை நகரம் வைத்துக்கொள்ளாது, மேலே விஷக்காற்றுக்குள் அனுப்பிவிடும். அதனால்தான் அவள் மறைத்திருக்கிறாள்.

இருமல் நின்றது.

“பாப்பா, மூச்ச விடு. அம்மாவப் பாரு. மூச்ச விடு.” யாருக்கும் கேட்டுவிடக் கூடாதென்று அடக்கிய குரல்.

இன்னும் ஒன்பது நிமிடம் இருந்தது. இப்போது நிறுத்தினால் வலி திரும்பி வரும். ஒரு மணி நேரத்துக்கு விடாது.

வால்வை மூடினான்.

சுவர்த்துளைகளில் காற்று சீறியது. எண்ணினான். பதினொன்றில் குழந்தை இருமியது. பன்னிரண்டில் கம்பி அவன் கண்ணுக்குப் பின்னால் இறங்கியது.

கதவு தட்டப்பட்டது. கோயில்பிள்ளை.

“என்னடே, பாதியில மூடிட்ட? குழாய்ல கோளாறா? காத்து ஆபீசுக்குச் சொல்லட்டா? ஆறு வீட்டையும் வந்து சோதிச்சிட்டுப் போகட்டும்.”

சூசைராஜ் கதவைத் திறக்கவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு குரலை நேராக்கினான்.

“வேண்டாண்ணே. இன்னைக்குச் சீக்கிரமே விட்டுருச்சு.”

“கொடுத்து வச்சவன்டே நீ.”

செருப்புச் சத்தம் தேயும்வரை பொறுத்தான். பிறகு துண்டைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு, அமலியின் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளிப்போக முடியுமோ அவ்வளவு தள்ளிப்போய்த் தரையில் விழுந்தான்.