விடியலைக் கேட்ட லெப்டினன்ட்

மனைவி இறந்தபின் யேசுரட்ணம் லண்டன் மனோர் பார்க்கில் ஒரு பழைய வீட்டின் மேல்மாடி அறைக்குக் குடிபோனார். இரண்டு பைகளையும் ஒரு ரைஸ் குக்கரையும் மகள் மரினா படியேற்றி வைத்தாள். சுவரில் ஈர வாடை அடித்தது. நவம்பர் மாதம். நாலு மணிக்கே ஜன்னலுக்கு வெளியே இருட்டிவிட்டிருந்தது.

"எங்களோடை வந்து இருங்கோவன் அப்பா."

"வேண்டாம் பிள்ளை. எனக்கு இது காணும்."

அவள் போனதும் விளக்கைப் போடாமல் கட்டிலில் உட்கார்ந்தார். அப்போதுதான் மூலையில் யாரோ மூச்சுவிடுவது கேட்டது. நெஞ்சுக்குள் ஏதோ கரகரக்கும் மூச்சு. கூடவே, மழையில் ஊறிய செம்மண்ணின் வாடை.

"மல்லி... விடிஞ்சதா?"

லண்டனில் அவரைச் சிங்களத்தில் மல்லி, தம்பி என்று கூப்பிட யாருமில்லை.

அப்படிக் கூப்பிட்டவன் ஒருவன்தான்.

உயர்தர வகுப்பில் படிக்கும்போது, யாரும் கேட்காமலே இயக்கத்தில் போய்ச் சேர்ந்தவர் யேசுரட்ணம். காவலரணில் துவக்கோடு நின்ற பெடியன் அணித் தலைவனானான். பிறகு ஒரு காலாட்படைக் கொம்பனிக்கே பொறுப்பாளன். லண்டனில் பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் பார்த்த காலமெல்லாம் அதைப் பற்றி அவர் வாய் திறந்ததில்லை. மனைவிக்கு மட்டும் தெரியும். அவளும் இப்போது இல்லை.

அவரது கடைசிச் சண்டை வன்னியில் ஒரு பதுங்குகுழிக்குள் முடிந்தது. தொடையில் காயத்தோடு அவர் விழுந்த இடத்தில் இராணுவ லெப்டினன்ட் ஒருவன் கிடந்தான். பெயர் சந்திம. வாத்தியார் வேலையை விட்டுத் தானாகவே படைக்கு வந்தவன், கொஞ்சம் தமிழும் தெரிந்தவன். ஷெல் பட்டு அவனுக்குக் கண்கள் போயிருந்தன. அது தெரியாமல், இருட்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தான். இரவு முழுக்க இருவரும் ஒரே போத்தலில் தண்ணீர் குடித்தார்கள்.

"விடிஞ்ச உடனை உன்ரை ஆக்களிட்டைக் கூட்டிக்கொண்டு போறன்" என்று யேசுரட்ணம் வாக்குக் கொடுத்தார்.

மழையோடு விடிந்தது. அவரால் எழும்ப முடியவில்லை. சந்திம கேட்டபோது, "இன்னும் இல்லை" என்றார். மறுபடி கேட்டான். மறுபடியும் அதையே சொன்னார். பட்டப்பகலில், இரவென்று நம்பியபடியே அவன் செத்துப்போனான்.

இப்போதும் அவருக்கு அந்தப் பதில்தான் வந்தது.

"இன்னும் இல்லை."

மூச்சு அடங்கியது.

மறுநாளும் இருட்டுகிற நேரத்துக்குக் குரல் கேட்டது. அதற்கடுத்த நாளும் கேட்டது. முதலில் பயந்துபோய் மகளை அழைக்கப் போனைத் தேடினார். பிறகு தேடவில்லை. பகல் முழுவதும் அவரோடு பேச வேறு யார் இருந்தார்கள்? தேத்தண்ணி போட்டுக்கொண்டு இருட்டுக்காகக் காத்திருக்கத் தொடங்கினார்.

"நான் ஆரெண்டு தெரிஞ்ச ஆள் இப்ப நீ ஒருத்தன்தான்" என்பார் மூலையைப் பார்த்து.

அதற்குப் பதில் வராது. கேள்வி மட்டும் வரும், நாளுக்கு நாள் கிட்டவாக. மூலையிலிருந்து நாற்காலிக்கு வந்தது. பிறகு கட்டில் விளிம்புக்கு.

கடைசியில் காதோரம்.

டிசம்பரில் மரினா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "ஞாயிறு பின்னேரம் வந்து கூட்டிக்கொண்டு போறன். ஏலாதெண்டு சொல்லக்கூடாது."

ஞாயிறும் வந்தது. பைகள் கட்டியாகிவிட்டன. வெளியே பனிமூட்டம் இறங்கியது. இந்த அறையில் இவனைத் தனியே விட்டுவிட்டுப் போவதா? அன்றைக்கு இயக்கப் பெடியள் வந்து, இவன் உடலை அங்கேயே விட்டு அவரை மட்டும் தூக்கிக்கொண்டு போனார்களே, அப்படி?

"மல்லி, விடிஞ்சதா?"



"ஓம்," என்றார் மெதுவாக. "விடிஞ்சிட்டுது. எழும்பு."



பலகைத் தரை கிரீச்சிட்டது.

ஒரு குளிர்ந்த கை அவர் முழங்கையைப் பிடித்தது. கண் தெரியாதவன் பிடிக்கிற பிடி.

மரினா வந்தபோது வாசல்கதவு திறந்து கிடந்தது. கீழ் அறையில் குடியிருக்கும் கிரிஜா தெருவைப் பார்த்தபடி நின்றாள்.

"அங்கிள் இப்பதான் போனவர் அக்கா. ஜாக்கெட்டும் போடேல்லை. ஆரையோ கைபிடிச்சுக் கூட்டிக்கொண்டு போற மாதிரி, மெள்ள மெள்ள நடந்தவர். பக்கத்திலை ஒருத்தரும் இல்லை."

பக்கத்திலிருந்த வான்ஸ்டெட் பிளாட்ஸ் புல்வெளியின் நடுவே, பனிமூட்டத்துக்குள் மரினா அவரைக் கண்டுபிடித்தாள். தனியே நின்றார். அம்மா இறந்தபின் அப்பாவின் முகத்தில் இப்படியொரு அமைதியை அவள் பார்த்ததேயில்லை.

"கொண்டுவந்து விட்டிட்டன் பிள்ளை."

"ஆரை அப்பா?"

"ஒரு ஒபிசரை. அவரின்ரை ஆக்கள் வந்து கூட்டிக்கொண்டு போயிட்டினம்." பனியைப் பார்த்தபடி குரலைத் தாழ்த்தினார். "செத்துப்போன எங்கடை பெடியளும் அங்கை நிண்டவை. கூட்டிக்கொண்டு போக ஒருத்தரும் இல்லாமல்."

மரினா தன் கோட்டைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டாள். அவர் இரு கைகளையும் அதன் பைகளுக்குள் விட்டுக்கொண்டு, தெருவிளக்கை நோக்கி முன்னால் நடந்தார். அவள் பின்னால் நடந்தாள்.

செம்மண் வாடை வந்தது.

ஒரு குளிர்ந்த கை மரினாவின் முழங்கையைப் பற்றியது.

பிறகு, மற்ற முழங்கையை இன்னொன்று.